மலிவும் அறமும்: பழைய ஊற்றுப்பேனைகளை முன்வைத்து ஒரு சிந்தனை

1

ஒழுக்கவியல் வினாக்கள் விரிவுரை மண்டபங்களிலே பெரும்பாலும் பெரிய நிகழ்ச்சிகளை முன்வைத்தே எழுப்பப்படுகின்றன. போரில் ஒருவன் கொல்லலாமா, ஓர் உயிரைக் காக்கும்பொருட்டுப் பொய்யுரைக்கலாமா, அநீதியான கட்டளைக்குக் கீழ்ப்படியலாமா என்பன போன்ற வினாக்களை நாம் படிக்கிறோம். பரீட்சையில் விடையும் எழுதுகிறோம். எமது மூத்தோருட் பலர் அத்தகைய வினாக்களை வாழ்க்கையிலேயே எதிர்கொண்டவர்கள். ஆதலால் அவற்றைச் சிறியனவென்று கூறுவார் எவருமிலர். எனினும், மனிதன் நாள்தோறும் செய்வது கொடுக்கல் வாங்கலே. சந்தையிலும் கடையிலும் தெருவோரத்திலும் ஒருவர் கேட்கும் விலையை மற்றவர் கொடுக்கிறார். அல்லது குறைத்துக் கேட்கிறார். அங்கே அறம் எவ்விடத்தில் நிற்கின்றது என்று நாம் அதிகம் சிந்திப்பதில்லை.

பெறுமதியான ஒரு பொருளை மலிவாக வாங்கிக்கொண்டு வீடு திரும்பும்போது உண்டாகும் மகிழ்ச்சியை அறியாதார் இலர். வீட்டாரிடம் காட்டி, “இது என்ன விலை, சொல்லுங்கள் பார்ப்போம்” என்று கேட்பதிலும் ஒரு பெருமை உண்டு. அந்த மகிழ்ச்சியின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. பிறர் பாவித்துக் கழித்த பழைய ஊற்றுப்பேனையே அது.

2

ஊற்றுப்பேனை எமது மண்ணுக்குப் பிற்காலத்தில் வந்த பொருள். நெடுங்காலமாக இங்கு எழுத்தென்பது பனையோலையும் எழுத்தாணியுமே. விசயதசமியன்று குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிக்கும் சடங்கை நாம் இன்றும் ‘ஏடு தொடக்குதல்’ என்றே கூறுகிறோம். ஏடு மறைந்த பின்னும் அதன் பெயர் மறையவில்லை. பின்னர் மைக்கூட்டில் தொட்டெழுதும் பேனை வந்தது. நியூயோர்க்கைச் சேர்ந்த வாட்டர்மன் 1884இல் உரிமம் பெற்ற அமைப்பு, தன்னுள்ளேயே மையைக் கொண்ட பேனை பரவுவதற்கு வழிசெய்தது. 1941இல் பாக்கர் நிறுவனம் ‘51’ என்னும் பேனையை வெளியிட்டது. அதன் தோற்றத்தைப் பின்பற்றிச் சீனாவின் சாங்காய் நகரிலிருந்து ஹீரோப் பேனைகள் வந்தன. யப்பானிலிருந்து பைலட் வந்தது. இந்தியாவிலோ பேனை சுதேசியத்தின் சின்னங்களுள் ஒன்றாயிற்று. ராஜமுந்திரியில் ரத்தினம் என்பவர் செய்தளித்த உள்நாட்டுப் பேனையைப் பாராட்டிக் காந்தியடிகள் 1935இல் அவருக்குக் கடிதம் எழுதினார்.

யாழ்ப்பாணத்தில் ஊற்றுப்பேனை வெறும் எழுதுகருவியாக மட்டும் இருக்கவில்லை. ஆசிரியர், இலிகிதர், தபாலதிபர் முதலியோரின் சட்டைப் பையில் அது உத்தியோகத்தின் அடையாளமாக விளங்கிற்று. பரீட்சையில் தேறிய மகனுக்குத் தந்தை வாங்கிக் கொடுப்பதும், இளைப்பாறும் தலைமையாசிரியருக்குப் பழைய மாணவர் பரிசளிப்பதும் பேனையாகவே இருந்தன. சரசுவதி பூசையில் புத்தகங்களோடு பேனையும் வைக்கப்பட்டது. விசயதசமி வரை அதனை எவரும் தொடுவதில்லை. 1945இல் நியூயோர்க்கில் விற்பனைக்கு வந்த குமிழ்முனைப் பேனை பின்னர் உலகெங்கும் பரவிய வேளை, ஊற்றுப்பேனைகள் மேசை இழுப்பறைகளுக்கும் தகரப் பெட்டிகளுக்கும் போயின. அங்கிருந்து இன்று பழைய சாமான் கடைகளுக்கு வருகின்றன.

அவற்றை நான் தேடத் தொடங்கியதற்குக் கலையார்வம் காரணமன்று, சிக்கனமே காரணம். 2022ஆம் ஆண்டு நாடு அடைந்த பொருளாதார நெருக்கடியை நாம் மறந்திருக்க மாட்டோம். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் தாளின்மையாற் பிற்போடப்பட்டன. கொப்பியும் பேனையும் கணக்குப் பார்த்து வாங்கவேண்டிய பொருள்களாயின. ஒரு போத்தல் மை வாங்கினால் பல மாதம் எழுதலாம் என்ற எளிய கணக்கே என்னைப் பழைய பேனையிடம் கொண்டு சென்றது.

3

பழைய பேனையை வாங்குவோர் அறிந்திருக்க வேண்டியன சில உள. முதலில் நிப்பின் நுனியை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்க வேண்டும். அங்கே, இரிடியம் என்று பொதுவாக வழங்கும் கடின உலோகக் கலவையின் சிறுமணி ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். அது உதிர்ந்திருந்தால் பேனை தாளைக் கிழிக்கும். அடுத்து மூடியின் விளிம்பைப் பார்க்க வேண்டும். மயிரிழை போன்ற வெடிப்பு அங்கேதான் தோன்றும். மூன்றாவது, மையை உறிஞ்சும் பை. இறப்பர்ப் பையாயின் காலத்தால் இறுகி நொருங்கியிருக்கும். ஆனால் அதனை மாற்றலாம். உலர்ந்த மையைக் கரைப்பதற்கு நிப்புப் பகுதியைக் குளிர்ந்த நீரில் ஊறவிட்டால் போதும். சுடுநீர் ஆகாது. எபனைற்று எனப்படும் வல்லிறப்பராற் செய்த பேனை சூடுபட்டால் கருமை கெட்டுப் பழுப்பாகிவிடும். சித்திரம் வரைவோர் பாவிக்கும் இந்திய மையையும் இதனுள் ஊற்றலாகாது. அதில் அரக்குச் சேர்ந்திருப்பதால் காய்ந்த பின் நீரிற் கரையாது.

இவை கைப்பழக்கத்தால் வருவன. ஆனால் பாவிக்கத் தொடங்கிய பின்னர்தான் அறியக்கூடியது ஒன்றுண்டு. நிப்பின் நுனி அதனைக் கொண்டு எழுதியவரின் கைக்கேற்பத் தேய்ந்திருக்கும். ஒருவர் பேனையைச் சாய்த்துப் பிடிப்பார். ஒருவர் நிமிர்த்திப் பிடிப்பார். ஒருவர் இடப்பக்கம் சற்றுத் திருப்பி அழுத்துவார். பல ஆண்டு எழுத்து அந்தக் கடின உலோகத்திலும் தன் சாய்வைப் பதித்து விடுகிறது. அப்பேனை நம் கைக்கு வரும்போது முதலில் கீறுகிறது, மை அறுகிறது. பிடியைச் சிறிது சிறிதாக மாற்றிப் பார்க்கையில், ஓரிடத்தில் திடீரென்று வழுக்கிக்கொண்டு எழுதத் தொடங்கும். முன்னையவர் பேனையைப் பிடித்த கோணம் அதுவே. முகமறியாத ஒருவரின் கைப்பிடியை நாம் கற்றுக்கொள்கிறோம். பாவித்த பொருளை வாங்குதல் வேறு, புதிய பொருளை வாங்குதல் வேறு என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. புதிய பொருளை வாங்குமிடத்து இருவர் உளர். பாவித்த பொருளை வாங்குமிடத்து எப்போதும் மூவர் உளர். மூன்றாமவர் அங்கு இல்லை என்பதே வேறுபாடு.

4

இனி, இக்கட்டுரைக்குக் காரணமான நிகழ்ச்சியைக் கூறுகிறேன்.

யாழ்ப்பாண நகரில் பழைய பித்தளைச் சாமான்கள் வாங்கி விற்கும் ஒரு முதியவரின் கடை உண்டு. குத்துவிளக்கு, செம்பு, மூக்குப்பேணி, ஓடாத சுவர் மணிக்கூடு ஆகியவற்றுக்கிடையே ஒரு பிஸ்கற்றுப் பேணியில் சில பேனைகளும் கிடந்தன. அவற்றுள் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். உலர்ந்த மை அதனைக் கட்டியாக மூடியிருந்தது. மூடியிலிருந்த எழுத்துகள் தேய்ந்திருந்தன. ஆயினும் அது பாக்கர் 51 என்பதை அறிந்துகொண்டேன். அவ்வகைப் பேனையில் நிப்பு உறைக்குள்ளே மறைந்திருக்கும். நுனி மட்டும் ஊசிபோல வெளியே தெரியும். உள்ளே இருப்பது 14 கரட் பொன். பேனை சேகரிப்போரிடம் அது பதினையாயிரம் ரூபாவுக்குக் குறையாமல் விலைபோகும் என்பதும் எனக்குத் தெரியும்.

கடைக்காரர் அதனை வாங்கிப் பார்த்துவிட்டு, “நிப்பு முறிஞ்சு போச்சுது போலை, பிள்ளை. 500 ரூபாயைத் தாரும்” என்றார். மறைந்திருந்த நிப்பை அவர் முறிந்த நிப்பென எண்ணினார். நான் ஒன்றும் கூறவில்லை. 500 ரூபாவைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்றிரவு நீரில் ஊறவைத்த பேனையிலிருந்து நீல மை இழையிழையாகப் பிரிந்து சென்றது. துடைத்துப் பார்த்தபோது அதன் உடலில் ஒரு பெயர் பொறிக்கப்பட்டிருந்ததைக் கண்டேன். அப்பெயரை இங்கு எழுதுவது முறையன்று. எம்மவர் ஒருவரின் பெயர் என்று கூறினாற் போதும். மை நிரப்பி எழுதினேன், அழகாக எழுதிற்று. ஆனால் மலிவாக வாங்கிய மகிழ்ச்சி எனக்கு வரவில்லை. நான் பொய் ஏதும் கூறவில்லையே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஒருவர் தம்மைத் தாமே தேற்றவேண்டிய நிலைமை, அங்கு ஏதோ பிழையிருக்கிறது என்பதற்கு முதற் சான்றாகும்.

5

இவ்வினா புதியதன்று. கி.மு. 44இல் உரோமானிய அறிஞர் சிசெரோ, ஏதென்சு நகரிற் படித்துக்கொண்டிருந்த தம் மகனுக்காகக் கடமைகள் பற்றிய நூலொன்றை எழுதினார். அதன் மூன்றாம் பகுதியில் ஒரு வினா வருகின்றது. பித்தளையை விற்பதாக எண்ணிக்கொண்டு ஒருவன் பொன்னை விற்கிறான். அது பொன்னென்பதை அறிந்த நல்லவன் அவனிடம் அதனைக் கூற வேண்டுமா, அல்லது ஆயிரம் பெறும் பொருளை ஒரு காசுக்கு வாங்கிச் செல்லலாமா? ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட இவ்வினா பித்தளைக் கடையில் நின்ற என்னைப் பார்த்தே கேட்கப்பட்டதுபோல இருந்தது.

இத்தகைய வினாக்களில் தோயிக்கத் தத்துவவாதிகளான இருவர் மாறுபட்டு நின்றதைச் சிசெரோ எடுத்துரைக்கிறார். தாம் அறிந்த அனைத்தையும் மற்றவருக்குக் கூறவேண்டிய கடப்பாடு எவருக்கும் இல்லை. பேசாதிருத்தல் வேறு, மறைத்தல் வேறு என்பது பாபிலோனியரான தயோசெனிசின் கட்சி. மனிதர் ஒரே சமூகத்தினராதலின் மற்றவரின் அறியாமையைத் தமக்கு ஆதாயமாக்கல் ஆகாது என்பது அந்திப்பாத்தரின் கட்சி. சிசெரோ இரண்டாவது கட்சியையே சார்கிறார். மற்றவர் அறிந்தால் அவருக்கு நன்மை பயக்கும் செய்தியை, நமது ஆதாயத்துக்காக அவர் அறியாதிருக்கட்டும் என விரும்பினால், நமது மௌனமே மறைத்தலாகும் என்பது அவர் கருத்து. ஒரு நிலத்தை வாங்க வந்த ஸ்கைவோலா என்பவர், விற்பவர் கூறிய விலை குறைவென மதித்து, அதற்குமேல் ஒரு லட்சம் செஸ்தர்சு நாணயத்தைத் தாமாகவே கொடுத்த செய்தியையும் அவர் குறிப்பிடுகிறார்.

எமது மரபும் இதனைப் பேசாமல் விடவில்லை. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழும் கடியலூர் உருத்திரங்கண்ணனார், அவர்கள் வாங்கும்போது உரிய அளவை மீறுவதில்லை, விற்கும்போது அளவிற் குறைப்பதில்லை என்கிறார். திருக்குறளில் நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறள் வணிகர்க்குரியதாக அமைகிறது. பரிமேலழகரும் அதற்கு இதே பொருள்படவே உரை கண்டார். இவ்விடத்து ஒன்று நோக்கத்தக்கது. வணிக அறம் என்றவுடன் நாம் விற்பவனையே நினைக்கிறோம். கலப்படமும் குறைநிறையும் விற்பவனின் குற்றங்கள். பட்டினப்பாலைப் புலவரோ வாங்குதலையே முதலிற் கூறுகிறார். வாங்குபவனும் கொள்ளையிடக்கூடும் என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்.

சட்டம் இதிற் பலவாறு பேசுகின்றது. உரிய விலையிற் பாதிக்கும் குறைவாகத் தம் நிலத்தை விற்றவர் அவ்விற்பனையை நீக்கும்படி கோரலாம் என்பது உரோமச் சட்டத்திலிருந்து உரோம-டச்சுச் சட்டத்துக்கு வந்த கொள்கை. ஆனால், அமெரிக்க உயர் நீதிமன்றம் 1817இல் தீர்த்த புகையிலை வழக்கொன்றிலே, விலையை உயர்த்தக்கூடிய சமாதானச் செய்தியை முன்னரே அறிந்த வாங்குநர் அதனை விற்பவருக்குக் கூறவேண்டிய கடப்பாடு இல்லை என்று கூறப்பட்டது. சட்டத்தின் கண்ணில் நான் குற்றவாளியல்லேன் என்றே வைத்துக்கொள்வோம். அறத்தின் கண்ணில்?

6

என் பக்கத்து நியாயங்களையும் மறைக்காமற் கூறவேண்டும். பேனைகளைப் பற்றி நான் பெற்ற அறிவு சும்மா வந்ததன்று; பல மாத உழைப்பால் வந்தது. அறிவுக்குப் பயன் இல்லையாயின் எவரும் கற்கமாட்டார். அன்றியும், பொருளை அறிந்து விற்பது வணிகரின் பொறுப்பு. அவர் பல்லாண்டு அனுபவமுள்ளவர், நானோ மாணவி. அவரும் அப்பேனையைச் சொற்ப விலைக்கே வாங்கியிருப்பார்.

இவற்றுள் முதலாவது நியாயத்திற் பாதி உண்மையுண்டு. ஓடாத பேனையை ஓடச் செய்யும் திறன் என்னுடையது. அதனால் உயரும் பெறுமதியில் எனக்கு உரிமையுண்டு. ஆனால் உள்ளே பொன் இருந்தது என் உழைப்பால் அன்று. நான் கடைக்குள் நுழையுமுன்னரே அது அவருடைய பொருளினுள் இருந்தது. திறனுக்குரிய கூலியைப் பெறுதல் வேறு. மற்றவரின் பொருளில் உள்ளதை அவர் அறியாமல் எடுத்துக்கொள்ளுதல் வேறு. ஏனைய நியாயங்கள் என்னைப் பற்றியன அல்ல, அவரைப் பற்றியன. மற்றவரின் குறையைக் காட்டி என் செயலை நியாயமாக்க முடியாது.

ஒரு வாரம் கழித்து, மகாபொலப் பணத்தில் 2,000 ரூபாவை எடுத்துக்கொண்டு மீண்டும் அக்கடைக்குச் சென்றேன். நிப்பு முறியவில்லை என்பதையும், அது பொன் என்பதையும் கூறிப் பணத்தை நீட்டினேன். முதியவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கூறினார்: “வாங்கேக்கை சொல்லியிருந்தால் அது நியாயம், பிள்ளை. வாங்கிப்போட்டு வந்து தந்தால் அது தருமம். எனக்கேன் தருமம்?”

பணத்தை அவர் தொடவில்லை. கோபமாகவும் அவர் பேசவில்லை. பேனை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். வெளிநாட்டிலிருப்போர் தம் வீட்டை விற்றதாகவும், அதனைத் துப்புரவாக்கிய ஒருவர் பித்தளைச் சாமான்களோடு பேணியையும் சேர்த்து நிறுத்துத் தந்துவிட்டுப் போனதாகவும் கூறினார். “நான் அவனுக்குக் குடுக்கோணும், அவன் வீட்டுக்காரருக்குக் குடுக்கோணும். எங்கை போய்த் தேடுறது?”

நியாயம், தருமம் என்ற அந்த இரு சொற்களையும் பற்றி நான் நெடுநாள் சிந்தித்தேன். உண்மையை முன்னரே கூறியிருந்தால் விலையைத் தீர்மானிக்கும் உரிமை அவரிடம் இருந்திருக்கும். கூடக் கேட்கலாம், விற்க மறுக்கலாம், ‘மாணவிதானே, கொண்டு போம்’ என்று மகிழ்வோடு கொடுத்துமிருக்கலாம். பின்னர் சென்று நான் கொடுத்த பணத்தில் அந்த உரிமை இல்லை. 2,000 என்ற தொகையைத் தீர்மானித்தவள் நானே. முதலில் அவருடைய பொன்னை எடுத்தேன். பின்னர் அவருடைய தீர்ப்பையும் நானே எழுதிக்கொண்டேன். அவர் மறுத்ததிற் பிழையில்லை.

எமது தேசவழமைச் சட்டத்திலும் இக்கருத்தின் சாயலைக் காணலாம். 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பட்ட அச்சட்டம், காணியை விற்போர் அதில் உரித்துடையோர் முதலியோருக்கு முன்னரே அறிவிக்கவேண்டும் என்று விதித்தது. விற்ற பின்னர் தெரிவித்துப் பயனில்லை. அறிவித்தலின் பெறுமதி அதன் காலத்திலேயே தங்கியுள்ளது என்பதை எம்முன்னோர் உணர்ந்திருந்தனர்.

மலிவு என்பது பொருளின் பண்பன்று என்ற முடிவுக்கு நான் வந்தேன். கனமும் நிறமும் பேனையில் உள்ளன. மலிவு பேனையில் இல்லை. அது இருவருக்கிடையே உள்ளது. பல வேளைகளில் ஒருவரின் மிகுதி மற்றவருக்கு மலிவாகிறது, அதிற் குற்றமில்லை. ஆனால் ஒருவரின் அறியாமையும் ஒருவரின் இழப்புமே மற்றவருக்கு மலிவாக அமைவதும் உண்டு. எமது குடாநாட்டில் இரண்டாவது வகை மலிவு அதிகம். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கி ஒரே இரவில் நடந்தபோது, கையில் எடுத்துச் சென்றவை எவை, விட்டுச் சென்றவை எவை என்பதை எம் வீடுகளில் இன்றும் கூறுவர். பின்னரும் பலர் பிறநாடுகளுக்குச் சென்றனர். இங்கு ஒரு பழைய பொருள் மலிவாகக் கிடைக்குமிடத்து, அது எவ்வாறு மலிந்தது என்று கேட்கவேண்டிய கடமை ஏனைய ஊரவரைவிட எமக்கு அதிகம் உண்டு.

7

இனி அந்த மூன்றாமவர். பேனையிற் பெயர் பொறித்தவர் எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்பது எனக்குத் தெரியாது. பேனை வணிகத்தில் ஒரு வழக்கம் உண்டு. முன்னையவரின் பெயர் பொறித்த பேனைக்குப் பெரும்பாலும் விலை குறைவு. பெயரை உராய்ந்து நீக்கி மெருகேற்றி விற்போரும் உளர். சந்தையைப் பொறுத்தவரை அப்பெயர் ஒரு கீறல். எனக்கும் ஒரு நண்பி அவ்வாறே செய்யும்படி ஆலோசனை கூறினாள். நான் செய்யவில்லை. நிப்பிலிருந்த அவரது கைச்சாய்வை ஏற்றுக்கொண்டு எழுதுகிற நான், உடலிலிருந்த அவரது பெயரை மட்டும் அழிப்பது எவ்வாறு பொருந்தும்?

காந்தியடிகளைப் பற்றிக் காகா காலேல்கர் கூறிய செய்தியொன்று ஈண்டு நினைவுகூரத்தக்கது. 1915இல் பம்பாயிற் காங்கிரசு மகாசபை கூடியபோது காந்தியடிகள் எதையோ பரபரப்புடன் தேடிக்கொண்டிருந்தார். தேடியது இரண்டங்குலமும் இல்லாத ஒரு பென்சில் துண்டு. காலேல்கர் தமது பென்சிலைக் கொடுக்க முன்வந்தும் அவர் ஏற்கவில்லை. சென்னையில் நடேசனின் சிறுமகன் அன்போடு கொடுத்த பென்சில் அது. அதனைத் தொலைக்கத் தம்மால் இயலாது என்றாராம். கிடைத்த பின்னரே அவர் அமைதியடைந்தார். அப்பென்சிலுக்குச் சந்தையில் விலையே இல்லை. ஒருவர் கொடுத்தார் என்பதே அதன் பெறுமதி. அவர் அதனைப் பெட்டியிற் பூட்டி வைக்கவில்லை என்பதும் கவனிக்கற்பாலது. இரண்டங்குலமாகத் தேயும்வரை எழுதினார்.

பாதணியை அணியவும் செய்யலாம், பண்டமாற்றும் செய்யலாம். ஆனால் பண்டமாற்றுக்காகப் பாதணி செய்யப்படவில்லை என்று அரிஸ்டோட்டில் தமது அரசியல் நூலிற் கூறினார். பயன்பெறுமதி, பரிமாற்றுப் பெறுமதி என்று பின்னர் மார்க்ஸ் விரித்துரைத்த வேறுபாட்டின் வித்து இங்கேயே உள்ளது. பேனைகளை எழுதாமற் சேர்த்து வைத்து விலை ஏறும்வரை காத்திருப்போர், அவற்றைப் பேனையாகக் கொள்ளவில்லை, காசாகவே கொண்டனர். எமது ஏடுகளின் வரலாறும் இதையே உணர்த்துகிறது. பெட்டியிற் பூட்டிய ஏடுகளைச் செல்லரித்தது. எடுத்துப் படித்துப் பெயர்த்தெழுதிய ஏடுகளின் நூல்களே சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோரின் கைக்கு வந்து அச்சேறின. பாவிப்பதே பேணுவதாகும்.

எனவே அப்பேனையால் நான் எழுதுகிறேன். விரிவுரைக் குறிப்புகளும் இக்கட்டுரையின் முதற்படியும் அதனால் எழுதப்பட்டவை. இதனால் அது எனக்கு உரியதாகிவிட்டது என்று நான் வாதிடவில்லை. அப்பெயருக்குரியவரோ அவர் பிள்ளைகளோ ஒருநாள் வந்து கேட்டால் கொடுப்பேன் என்று எழுதுவது எளிது. கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் அவ்வாறு எழுதுவது இன்னும் எளிது. ஆதலால் அதனை உறுதிமொழியாகக் கூறாமல், என்மீதுள்ள கடனாக மட்டும் குறித்து வைக்கிறேன். உரியவர் வரும்வரை ஒரு பொருளை நல்ல நிலையில் வைத்திருப்பவர் அதன் காவலர். பழைய பொருளை வாங்குவோர் அனைவரும் அவ்வாறே.

8

சில மாதங்களின் பின் அதே கடையில் இன்னொரு பேனையைக் கண்டேன். கரிய எபனைற்று உடல், வெடிப்பில்லை, நிப்பில் 14 கரட் முத்திரை மையின் கீழ் மறைந்திருந்தது. இம்முறை கையில் எடுத்தவுடனே முதியவரிடம் கூறினேன்: “ஐயா, இதின்ரை நிப்பு பொன். முறியேல்லை. கழுவினால் எழுதும். வெளியிலை நல்ல விலைக்குப் போகும்.”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிப்பைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். “அப்ப 12,000 ரூபா” என்றார்.

அவ்வளவு பணம் என்னிடம் இல்லை. இன்றும் இல்லை. பேனையைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதனைப் பிஸ்கற்றுப் பேணியிற் போடாமல், ஒரு துணியால் துடைத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். “காசு சேர்த்துக்கொண்டு வாரும், வைச்சிருக்கிறன்” என்றார்.

அறவழி நின்றால் இறுதியில் ஆதாயமே கிடைக்கும் என்று சில நூல்கள் கூறுகின்றன. என் சிறிய அனுபவம் அதற்குச் சான்றாகாது. மௌனம் காத்தபோது எனக்குப் பேனை கிடைத்தது. உண்மை கூறியபோது கிடைக்கவில்லை. இவ்விரண்டினுள் எது நல்ல வாணிகம் என்று கேட்டால் விடை எளிது. எந்தக் கடையினுள் மீண்டும் தலைநிமிர்ந்து நுழையலாம் என்று கேட்டால் அதற்கும் விடை எளிதே. பல்கலைக்கழகத்துக்கு வரும் வழியில் அக்கடையைக் கடக்கும்போதெல்லாம் நான் உள்ளே பார்ப்பதுண்டு. பேனை இன்னும் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. முதியவர் என்னைக் கண்டால் தலையசைக்கிறார், நானும் தலையசைக்கிறேன்.